கேள்வி – பதில்: நீராவி என்ஜின்கள் மீண்டும் தடமேறும் கதை

கேள்வி: பிரிட்டனின் ‘ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன்’ நீராவி என்ஜினைச் சீரமைக்கப் பத்து ஆண்டுகள் ஆயின என்று படித்தேன். நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பட்டறையில் செய்து முடித்த இயந்திரத்துக்கு இப்போது ஏன் இவ்வளவு காலமும் பணமும் ஆகின்றன? (வாசகர், மதுரை)

பதில்: 1923இல் டான்காஸ்டர் பட்டறை இந்த என்ஜினைச் செய்தபோது, அதற்கு வேண்டிய வார்ப்பு அச்சுகளும் கருவிகளும் கை தேர்ந்த தொழிலாளர்களும் ஒரே கூரையின் கீழ் இருந்தனர். அந்தப் பட்டறை உலகம் மறைந்த பிறகு, தேய்ந்த ஒவ்வொரு பாகத்தையும் தனியாக வரைந்து, தனியாக வார்த்து, தனியாகக் கடைந்தெடுக்க வேண்டியிருக்கிறது. 2004இல் பிரிட்டனின் தேசிய ரயில்வே அருங்காட்சியகம் விலைக்கு வாங்கிய இந்த என்ஜினின் சீரமைப்பு 2006இல் தொடங்கியது. பிரித்துப் பார்த்த பிறகே என்ஜினைத் தாங்கும் அடிச்சட்டத்தில் விரிசல்கள் இருப்பது தெரியவந்தது. சுமார் 42 லட்சம் பவுண்டு செலவுக்குப் பிறகு, 2016 பிப்ரவரி 25 அன்று அது லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து யார்க் வரை பயணிகளை ஏற்றிச் சென்றது.

வேலையின் பெரும்பங்கு பாய்லரில்தான். சதுர அங்குலத்துக்கு 220 பவுண்டு அழுத்தத்தில் நீராவியைத் தாங்கும் அந்தக் கலத்தினுள் செம்பாலான நெருப்புப் பெட்டி இருக்கிறது. அதைச் சுற்றிலும் தண்ணீர் நிற்க, நூற்றுக்கணக்கான பிணைப்புக் கம்பிகள் உள்சுவரையும் வெளிச்சுவரையும் பிடித்து நிறுத்துகின்றன. சூடாகும்போதும் குளிரும்போதும் செம்பும் எஃகும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால், கம்பிகள் முறிவதும் குழாய்முனைகள் கசிவதும் தவிர்க்க முடியாதவை. முதலில் குளிர்ந்த நீரை வேலை அழுத்தத்துக்கு மேல் ஏற்றிச் சோதித்து, பிறகு நீராவியில் சோதித்தால்தான் சான்றிதழ் கிடைக்கும். பொதுவாகப் பத்தாண்டில் அது காலாவதியாகிவிடும். என்ஜின் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தாலும் பாய்லரை மறுபடி கழற்றியாக வேண்டும். ஆகவே, நன்கொடை திரட்டுவோர் ‘சீரமைப்பு முடிந்தது’ என்று சொல்லும்போது அடுத்த சீரமைப்புக்கான உண்டியலையும் திறந்து வைப்பதே விவேகம்.

கேள்வி: மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் மின்ரயில்கள் ஓடும் பாதையில் இவற்றை எப்படி அனுமதிக்கிறார்கள்? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: நிபந்தனைகளோடுதான். பிரிட்டனில் முதன்மைப் பாதையில் ஓடும் பெரிய நீராவி என்ஜின்களுக்குப் பொதுவான வேக வரம்பு மணிக்கு 75 மைல், அதாவது ஏறத்தாழ 120 கிலோமீட்டர். அபாய சிக்னலைத் தாண்டினால் தானாகப் பிரேக் பிடிக்கும் கருவியும், கட்டுப்பாட்டு அறையோடு பேச ரேடியோவும், பயண விவரங்களைப் பதிவு செய்யும் கருவியும் அந்தப் பழைய ஓட்டுநர் அறைக்குள் பொருத்தப்பட வேண்டும். மின்கம்பிகளுக்கு அடியில் நிற்கும்போது கரியைத் தள்ளிவிட டெண்டர் (என்ஜினோடு இணைந்து கரியும் தண்ணீரும் சுமக்கும் வண்டி) மீது ஏறவும் கூடாது.

ஆனால் நடைமுறையில் பெரிய தலைவலி தண்ணீர்தான் என்பேன். 1928இல் ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன் லண்டனிலிருந்து எடின்பரோ வரை 392 மைல் நிற்காமல் ஓட முடிந்ததற்குக் காரணம், தண்டவாளங்களுக்கு நடுவே இருந்த நீர்த்தொட்டிகளிலிருந்து ஓட்டத்திலேயே தண்ணீரை அள்ளிக்கொண்டதுதான். அத்தொட்டிகள் அகற்றப்பட்டு வந்ததால், அப்போதைய உரிமையாளர் ஆலன் பெக்லர் 1966இல் இரண்டாவது டெண்டர் ஒன்றை வாங்கிச் சேர்த்தார். இன்று வழியில் நிறுத்தி, லாரியிலிருந்தோ தீயணைப்புக் குழாயிலிருந்தோ தண்ணீர் நிரப்புகிறார்கள். அந்த நிறுத்தங்களுக்குக் கால அட்டவணையில் இடம் கிடைக்காவிட்டால் பயணமே இல்லை.

கேள்வி: நம் நாட்டில் இப்படி ஏதேனும் உண்டா? (வாசகர், சென்னை)

பதில்: உங்கள் ஊரிலேயே உண்டு. 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஈஸ்ட் இந்தியன் ரயில்வேக்காகச் செய்யப்பட்ட ‘இ.ஐ.ஆர். 21’ என்ஜின், ஒரு நூற்றாண்டுக்கும் மேல் காட்சிப் பொருளாக நின்ற பின், பெரம்பூர் லோகோ பணிமனையில் சீரமைக்கப்பட்டு 2010இல் ஓடியது. பிறகு எழும்பூருக்கும் கோடம்பாக்கத்துக்கும் இடையே சிறப்பு நாட்களில் பயணிகளை ஏற்றிச் சென்றிருக்கிறது. அதே 1855இல் பிறந்த ‘ஃபேரி குயின்’ என்ஜின் 1997இல் டெல்லிக்கும் ஆல்வாருக்கும் இடையே சுற்றுலா ரயிலை இழுத்தது. 2011இல் அதன் பாகங்கள் திருடப்பட்டபோது அதுவும் பெரம்பூருக்குத்தான் வந்தது. இவ்விரண்டிலும் நடுவிலுள்ள ஒரே ஒரு சக்கரச் சோடிதான் இழுவைக்கானது. ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மனிலோ அப்படி மூன்று சோடிகள். அதனால் நீண்ட ரயிலை இவற்றிடம் எதிர்பார்க்க முடியாது. ஓரிரு பெட்டிகளே இவற்றுக்குப் பொருத்தமான சுமை.