கூரையின் சிவப்பு தரையிலும் இருக்கட்டும்

கேள்வி: ஆறு மாதமாக அக்ரிலிக்கில் இயற்கைக் காட்சிகள் வரைந்து பழகுகிறேன். மரங்களுக்கு நடுவே வீடு வரைந்தால், வீட்டின் மேல் மரத்தை வெட்டி ஒட்டியது போலவே இருக்கிறது. இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியங்களில் மட்டும் அப்படித் தெரிவதில்லையே, ஏன்?

பதில்: நீங்கள் வீட்டை முழுசாக முடித்து, காய்ந்த பிறகு மேலே மரத்தை வரைகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒட்டியது போலத் தெரிவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரான்ஸில், கண்முன் தெரியும் ஒளியையும் நிறத்தையும் சிறு தீற்றல்களாகப் பிடித்தவர்கள்தான் இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்கள். அவர்களில் ஒருவரான கமீல் பிஸ்ஸாரோ 1877-இல் வரைந்த 'சிவப்புக் கூரைகள்' ஓவியத்தைத் தேடியெடுத்துத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். அசல் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாரிஸுக்கு அருகிலுள்ள போந்துவாஸ் ஊரில் ஒரு குன்றையொட்டிய வீடுகள், அவற்றுக்கு முன்னால் இலை கொட்டிய மரங்கள். மரங்கள் வீடுகளை அவ்வளவு மறைத்தும் எதுவும் துருத்திக்கொண்டு நிற்கவில்லை. கூரையின் செந்நிறம் கூரையோடு நின்றுவிடாததுதான் முதல் காரணம். முன்புறத் தரையில், புதரில், பின்னால் குன்றின் சரிவில் என்று அது சிறு சிறு தீற்றல்களாகத் திரும்பத் திரும்ப வருகிறது. அப்புறம், சுவரானாலும் கிளையானாலும் வண்ணம் ஒரே மாதிரி தடிப்பாகப் படிந்திருக்கிறது. எனக்கு இந்த ஓவியத்தில் மிகப் பிடித்ததே அந்தச் சொரசொரப்புதான்.

வானம், தண்ணீர், கிளை, தரை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வளர்த்துக்கொண்டு போக வேண்டும் என்றுதான் பிஸ்ஸாரோ இளம் ஓவியர் ஒருவருக்கும் சொல்லியிருக்கிறார்.

சரி, நீங்கள் எப்படிச் செய்வது? சுவரைப் பாதி போட்டதும் நிறுத்திவிட்டு மரத்துக்குப் போங்கள். கிளைகள் வந்தபின், சுவரின் நிறத்தைத் திரும்ப எடுத்துக் கிளைகளின் இடுக்குகளில் வையுங்கள். அந்தத் தீற்றல் கிளையின் ஓரத்தை அங்கங்கே தின்ன வேண்டும். மரமும் சுவரும் அங்கேதான் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்தாலே நல்ல அடர்த்தி வரும். அக்ரிலிக் சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால் வண்ணம் கலக்கும் பேலட்டில் அவ்வப்போது தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள்.

இலை அடர்ந்த மரத்தை இப்போதைக்குத் தள்ளிவைத்து, மொட்டை மரத்தில் பழகுங்கள். கூரையை முடித்ததும் பிரஷைக் கழுவிவிடாதீர்கள். அதில் ஒட்டியிருக்கும் சிவப்பைத் தரையில் நாலு இடத்திலும் அடிமரத்தில் ஓரிடத்திலும் வைத்துவிட்டு அப்புறம் கழுவுங்கள்.