செடி வளர்க்கும் மீன்தொட்டியில் கோடைச் சூட்டை எப்படிக் குறைப்பது?

மதியம் தண்ணீர் 33 டிகிரி வரை போகிறது, இப்போதைக்குச் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) வாங்க வழியில்லை, ஐஸ் பாட்டில் போட்டுச் சமாளிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஐஸை விட்டுவிடுங்கள். தொட்டியின் மூடியைக் கழற்றி, ஒரு சின்ன ஃபேனைப் பொருத்தி, தண்ணீரின் மேல் காற்று ஓட விடுங்கள்.

முதல் இரண்டு கோடைகள் நானும் ஐஸோடுதான் போராடினேன். என்னுடையது 100 லிட்டர் தொட்டி. காலையில் ஒரு பாட்டில், மதியம் இரண்டு பாட்டில். போட்டதும் ஒன்றிரண்டு டிகிரி இறங்கும், இரண்டு மணி நேரத்தில் பழையபடி ஏறிவிடும். இப்படி ஏறி இறங்கியதில் கிரிப்டோகோரைன் என்ற நீர்ச்செடியின் இலைகளெல்லாம் ஒரே வாரத்தில் கூழாகக் கரைந்தன. செர்ரி இறால்கள் தினம் ஒன்றாகச் செத்தன. அவை ஒரே சீரான 30 டிகிரியில் இருந்திருந்தால் பிழைத்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். கிரிப்டோகோரைன் சூட்டைக்கூடப் பொறுத்துக்கொள்ளும், திடீர் மாற்றத்தைப் பொறுக்காது.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு கிலோ ஐஸ் உருகுவதற்கு 334 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். உருகிய தண்ணீர் தொட்டியின் சூட்டுக்கு வருவதற்குள் இன்னும் ஒரு 130 எடுக்கும். 100 லிட்டரை ஒரு டிகிரி குறைக்க 418 கிலோஜூல் வெளியேற வேண்டும். ஆக, ஒரு லிட்டர் ஐஸ் பாட்டில் தருவது ஒரே ஒரு டிகிரிதான். அதே ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 2,430 கிலோஜூலைத் தன்னோடு கொண்டுபோகிறது. கிட்டத்தட்ட ஆறு டிகிரிக்குச் சமம்! மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே வழியில்தான். அறையின் சூடு ஒரு பக்கம் தொட்டிக்குள் வந்துகொண்டே இருப்பதால் ஆறு டிகிரி முழுதாகக் கிடைக்காது. நடைமுறையில் ஃபேன் 2 முதல் 4 டிகிரி வரை இறக்கும், இறக்கிய இடத்திலேயே நாள் முழுக்க நிறுத்தியும் வைக்கும். அந்த நிலைத்தன்மைதான் ஐஸில் கிடைக்காதது.

ஃபேன் எங்கே எப்படி வீசுகிறது என்பதில் நிறைய இருக்கிறது. நேராக மேலிருந்து கீழே அடிக்கக் கூடாது. ஒரு ஓரத்தில் பொருத்தி, தண்ணீரின் மேல்பரப்பை ஒட்டினாற்போல் சாய்வாக, எதிர்ப்பக்கம் வரை காற்று போகும்படி வையுங்கள். ஈரக்காற்று தொட்டியின் மேலேயே தேங்கினால் ஆவியாதல் நின்றுவிடும், அதனால் அறையின் ஜன்னலும் திறந்திருக்க வேண்டும். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் 12 வோல்ட் ஃபேன் இரண்டு இருந்தால் என் அளவுத் தொட்டிக்குப் போதும். சத்தம் குறைவு, தண்ணீர் பக்கத்தில் இருப்பதால் குறைந்த மின்னழுத்தம் பாதுகாப்பும்கூட. வயரை மட்டும் பிளக்குக்குக் கீழே வளைந்து தொங்கும்படி விடுங்கள், வழிந்து வரும் தண்ணீர் பிளக்குக்குள் இறங்காது. மூடியில்லாத தொட்டியில் துள்ளும் மீன்கள் வெளியே விழும் என்பதால் கொசுவலை மாதிரி ஒரு வலையை விரித்துவிடுங்கள்.

காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் ஃபேனின் பலன் குறையும். எவ்வளவு வேகமாக ஓடினாலும், ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் அளவுக்குக் கீழே தண்ணீரை அது இறக்காது. உங்கள் அறையில் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று தெரிய வேண்டுமானால், ஒரு தெர்மாமீட்டரின் முனையில் ஈரப்பஞ்சைச் சுற்றி ஃபேன் முன்னால் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள்.

தினமும் ஆவியாகும் தண்ணீரை ஈடு செய்வதில்தான் பலர் தவறுகிறார்கள். கோடையில் என் தொட்டியில் நாளுக்கு இரண்டு லிட்டர் குறையும். போவது வெறும் தண்ணீர், அதிலிருந்த உப்புகள் எல்லாம் தொட்டியிலேயே தங்கிவிடும். டிடிஎஸ் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று கரைந்த உப்புகளைச் சொல்லும் அளவு) 300 உள்ள குழாய்த் தண்ணீரையே ஊற்றி ஈடுசெய்தால், ஒரு மாதத்தில் 60 லிட்டரோடு 18 கிராம் உப்பு உள்ளே போகிறது. தண்ணீரே மாற்றாமல் விட்டால் டிடிஎஸ் 180 ஏறியிருக்கும். குறையும் அளவுக்கு உப்பு நீக்கிய ஆர்ஓ தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். வாராந்திரத் தண்ணீர் மாற்றத்தை வழக்கம்போலத் தனியாகச் செய்யுங்கள். அதையும் அதிகாலையில் செய்வது நல்லது, மதியம் குழாயில் வரும் தண்ணீர் தொட்டியைவிடச் சூடாக இருக்கும்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சூட்டில் மீன் சாவது பெரும்பாலும் மதியத்தில் அல்ல, விடியற்காலையில். 25 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், 32 டிகிரியில் அது 7.3 ஆகிறது. பார்க்கச் சின்னக் குறைவுதான். ஆனால் அதே நேரத்தில் மீனின் தேவை, ஃபில்டரில் உள்ள பாக்டீரியாவின் தேவை, செடியின் சுவாசம் எல்லாமே சூட்டோடு சேர்ந்து கூடுகின்றன. பகலில் ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜன் தரும் செடிகளே விளக்கு அணைந்ததும் அதை எடுத்துக்கொள்ளத் தொடங்கும். அடர்த்தியாகச் செடி வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். காலை ஐந்து மணிக்கு எழுந்து பாருங்கள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தால் உங்கள் தொட்டியின் உண்மையான பிரச்சினை அதுதான்.

தீர்வு எளிது. விளக்கு அணையும் நேரத்தில் செடிகளுக்காகச் செலுத்தும் கார்பன் டை ஆக்சைடும் நிற்கட்டும், ஏர் பம்ப் தொடங்கட்டும், விளக்கு எரியும்போது இது தலைகீழாகட்டும். இரண்டு டைமர் போதும். பகல் முழுக்க மேல்பரப்பைக் கலக்கினால் நீங்கள் செலுத்தும் கார்பன் டை ஆக்சைடு வீணாகப் போகும், இரவில் அந்தக் கவலை இல்லை.

விளக்கு பற்றி என் கருத்து கொஞ்சம் கண்டிப்பானது. வெயில் காலத்தில் செடியை வேகமாக வளர்க்கப் பார்க்காதீர்கள். சூட்டில் செடியின் சுவாசம் கூடுகிறது, ஒளிச்சேர்க்கை அதே அளவுக்குக் கூடுவதில்லை. அதனால் கணுக்களுக்கு இடையிலான தண்டு நீண்டு, இலை சிறுத்து, செடி மெலியும். பலவீனப்பட்ட இலையில் பாசி உட்காரும். நான் விளக்கு நேரத்தை ஆறு மணி நேரமாகக் குறைத்து, மாலை ஐந்திலிருந்து இரவு பதினொன்று வரை மாற்றிவிட்டேன். மதியச் சூடும் விளக்கின் சூடும் ஒரே நேரத்தில் சேராது. விளக்கையும் ஒரு சாண் உயர்த்தினேன். உரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் அதற்கேற்பக் குறைத்தேன்.

தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் மோட்டாரையும் கவனியுங்கள். அது எடுக்கும் மின்சாரம் கடைசியில் முழுக்க வெப்பமாகத் தண்ணீருக்குள்தான் சேர்கிறது. 15 வாட் மோட்டார் ஒரு நாளில் தரும் வெப்பத்தை வெளியேற்ற அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வேண்டும். தேவைக்கு மேல் பெரிய பவர்ஹெட் (நீரோட்டம் தரும் மோட்டார்) ஓடிக்கொண்டிருந்தால் மாற்றுங்கள்.

உயிர்களைத் தேர்ந்தெடுப்பதிலும் பாதிப் பாரம் குறையும். செடிகளில் ஹைக்ரோஃபிலா, வாலிஸ்னேரியா, அனுபியாஸ், ஹார்ன்வோர்ட் இவையெல்லாம் 30 டிகிரியை ஒட்டியும் நன்றாகவே இருக்கும். மாஸ் வகைகளும் பொல்பிட்டிஸ் என்ற பெரணியும் குளிர்ந்த தண்ணீரை விரும்புபவை, அவற்றை வெயிலில் வதைக்க வேண்டாம். மீன்களில் டிஸ்கஸ் 28 முதல் 30 டிகிரியில் மகிழ்ச்சியாக வாழும். கௌராமியும் ஃபைட்டரும் மேலே வந்து காற்றையே சுவாசிக்கக்கூடியவை. நியான் டெட்ராவைவிடக் கார்டினல் டெட்ரா சூட்டைத் தாங்கும். கிறிஸ்டல் இறாலுக்கு 24 டிகிரிக்கு மேலேயே சிரமம். அது உங்களுக்கு அவ்வளவு பிடிக்குமென்றால் சில்லருக்குப் பணம் சேருங்கள், அதுவரை வாங்காமல் இருங்கள்.

சில்லர் வாங்கும் நாள் வந்தால் ஒன்றை மனதில் வையுங்கள். தண்ணீரிலிருந்து எடுத்த சூட்டை அது அறைக்குள்தான் தள்ளும். மூடிய அலமாரிக்குள் வைத்தால் தன் சூட்டிலேயே திணறி ஓயாமல் ஓடும். 26, 27 டிகிரியில் நிறுத்தினாலே செடிகளுக்குப் போதும், 22க்கு இழுக்கத் தேவையில்லை.

ஐஸ் பாட்டிலை நான் ஒரே ஒரு சூழலில் இன்னும் பயன்படுத்துகிறேன்: மின்சாரம் போய் ஃபேன் நின்று, தண்ணீர் 33ஐத் தாண்டும்போது. மூடி இறுகிய பாட்டிலாக, ஒன்று மட்டும், மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் இறங்காதபடி தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டே. அதைவிட அவசரம் பேட்டரியில் ஓடும் ஏர் பம்பைப் போடுவது. அன்று உணவு போடாதீர்கள், கழிவு கூடினால் அம்மோனியா கூடும், சூட்டில் அதன் நச்சும் அதிகம். கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே மூடிய டப்பாவாக இருப்பது) சில மணி நேரம் நின்றிருந்தால், மின்சாரம் வந்ததும் அதிலிருந்து முதலில் வரும் தண்ணீரைத் தொட்டிக்குள் விடாமல் வாளியில் பிடித்துக் கொட்டிவிட்டு, பிறகு ஓட்டுங்கள். உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து அழுகிய நாற்றத்தோடு தேங்கியிருந்த தண்ணீர் அது.