செக் வரலாற்றாசிரியர்கள் பார்வையில் போலந்து: கேள்வி பதில்

கேள்வி: 16, 17ஆம் நூற்றாண்டுப் போலந்தைச் செக் வரலாற்றாசிரியர்கள் ஆராய்வதற்குத் தனிக் காரணம் ஏதும் உண்டா?

பதில்: உண்டு. 1620இல் பிராகாவுக்கு அருகே வெள்ளை மலைப் போரில் தோற்ற பொகீமிய (செக் நாட்டு) பிரபுக்கள் தங்கள் அரசியல் உரிமைகளில் பெரும்பகுதியை ஹாப்ஸ்பர்க் அரசரிடம் இழந்தார்கள்; போலந்துப் பிரபுக்களோ அதற்குப் பின்னும் தங்கள் அரசரைத் தாங்களே தேர்ந்தெடுத்து, முடிசூட்டுமுன் அவரிடம் நிபந்தனைகளுக்கு உறுதிமொழி வாங்கிவந்தார்கள். ஆகவே அந்த நிபந்தனைகளைத் தொகுத்த 1573ஆம் ஆண்டுப் போலந்தின் ஹென்றி சரத்துகளையும், 1619இல் பொகீமியப் பிரபுக்கள் அரசரின் அதிகாரத்தைக் கட்டுப்படுத்த இயற்றிய கூட்டமைப்புச் சாசனத்தையும் அருகருகே வைத்துப் படிக்கும் செக் ஆய்வாளரின் மனத்தில், நாம் தோற்காதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி இருந்துகொண்டே இருக்கிறது என்பது என் கணிப்பு. 1772இல் தொடங்கி அண்டை அரசுகள் போலந்தைப் பங்குபோட்டுக்கொண்ட பிரிவினைகளை எண்ணிப் பார்த்தால் அந்த ஏக்கமும் சற்றுத் தணிந்துவிடும்.

கேள்வி: முதலில் யாரைப் படிக்கலாம்?

பதில்: செக் நகரான பிர்னோவில் பேராசிரியராக இருந்த யோசெஃப் மாட்சூரெக்கை. போலந்து அரசர் ஸ்டெஃபான் பாத்தோரி இறந்தபின் 1587இல் நடந்த தேர்தலில் சுவீடனின் சிகிஸ்மண்ட், பொகீமியாவின் அரசருமான ஹாப்ஸ்பர்க் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபின் தம்பி மாக்சிமிலியன் ஆகிய இருவருமே அரசராக அறிவிக்கப்பட்டார்கள். மறு ஆண்டு ஜனவரியில் அன்று பொகீமிய முடியின் கீழ் இருந்த சைலீசியாவின் பிச்சினாவில், சிகிஸ்மண்ட் தரப்புப் படைத்தலைவர் யான் ஸமோய்ஸ்கி மாக்சிமிலியனைத் தோற்கடித்துச் சிறைப்பிடித்தார். இந்தச் சிக்கலை மாட்சூரெக் செக், போலந்து உறவின் பகுதியாக ஆராய்ந்தார். பின்னர் யாரோஸ்லாவ் பானெக், ரோஸம்பெர்க் குடும்பத்தின் வில்லெம் போன்ற செக் பெருங்குடியினர் அந்தக் கால அரசியலில் வகித்த இடத்தை விரிவாக எழுதினார்.

கேள்வி: செக் கல்வியாளர் கொமேனியஸைப் பற்றி இரு நாட்டாரும் ஒரே கருத்துடையவர்களா?

பதில்: இல்லை. 1548இல் பொகீமியாவிலிருந்து விரட்டப்பட்ட சகோதரர் ஐக்கியம் என்ற செக் புராட்டஸ்டன்டு சபையார் போலந்தில் அடைக்கலம் பெற்ற கதையை யாரோஸ்லாவ் பிட்லோ பல தொகுதிகளில் எழுதினார். அந்தச் சபையின் ஆயர்களுள் ஒருவரான கொமேனியஸ் 1628 முதல் போலந்து நகரான லெஷ்னோவில் வாழ்ந்தவர். 1655இல் படையெடுத்து வந்த சுவீடன் அரசரைப் புகழ்ந்து எழுதினார். அடுத்த ஆண்டு போலந்துப் படையினர் லெஷ்னோவைக் கொளுத்தியபோது, அவர் பல பத்தாண்டுகள் உழைத்துச் சேர்த்த செக் அகராதிக் கையெழுத்துப்படிகள் சாம்பலாயின. செக் நூல்களில் அந்தத் தீ ஒரு பேரிழப்பு. போலந்துத் தரப்பில் அந்தப் புகழுரை ஒரு துரோகம். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுபவரையே நான் நம்புவேன்.

கேள்வி: செக் நாட்டின் கிழக்குப் பகுதியான மொராவியாவில் போலந்துப் படைகள் நற்பெயர் பெறவில்லையாமே?

பதில்: பெறவில்லை. பேரரசருக்காகப் போரிட்ட லிசோவ்ஸ்கி என்ற போலந்துக் கூலிக் குதிரைப்படையினர் 1620இல் மொராவியாவைச் சூறையாடினார்கள். அவர்களை அழைத்தவர் என்று ஹொலெஷோவ் ஊர்க் கத்தோலிக்கப் பாதிரியார் யான் சர்கான்டர் மீது புராட்டஸ்டன்டுப் பிரபுக்கள் பழி சுமத்தி, மொராவிய நகரான ஓலொமௌட்சில் சித்திரவதை செய்தார்கள். அவர் மார்ச் 17 அன்று இறந்தார். 1995இல் இரண்டாம் யோவான் பவுல் அதே ஓலொமௌட்சில் அவரைப் புனிதராக அறிவித்தபோது செக் புராட்டஸ்டன்டுகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அறிவித்த திருத்தந்தை போலந்துக்காரர் என்பதையும் கவனிக்க வேண்டும்.

கேள்வி: செக் ஆய்வில் குறை என்ன?

பதில்: சைலீசியா, அரசர் தேர்தல், நாடுகடந்தோர் என்று தங்கள் நாட்டைத் தொட்ட பகுதிகளிலேயே பலர் நின்றுவிடுவது. அன்று போலந்து அரசின் கீழ் இருந்த, பால்டிக் கரையிலுள்ள அரச பிரஷியாவை ஆராய்ந்த மிலோஷ் ரெஸ்னீக் இதற்கு விலக்கு.