ஹில்லல்: அமெரிக்க வளாகங்களில் யூத மாணவர் அமைப்பு – கேள்வி பதில்

கே: ஹில்லலை ஆரம்பித்தது ஒரு கிறிஸ்தவப் பேராசிரியராமே, உண்மையா சார்?

ப: தூண்டிவிட்டவர் என்று சொல்லுங்கள். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த எட்வர்ட் சான்சி பால்ட்வின், தம் யூத மாணவர்களுக்குச் சொந்த வேதமே தெரியவில்லையே என்று நொந்துகொண்டார். 1923-இல் காரியத்தில் இறங்கியவர் பெஞ்சமின் ஃபிராங்கல் என்ற இளம் மதகுரு. விரைவிலேயே ப்னேய் ப்ரித் என்ற யூத சேவை அமைப்பு செலவை ஏற்றுக்கொண்டது. ஃபிராங்கல் 1927-இல், முப்பது வயதில் இறந்துவிட்டார். பிறகு பொறுப்பேற்ற ஏப்ரம் சாக்கர்தான் அதை நாடு முழுக்க வளர்த்தார். 1948-இல் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரானவரும் அவரே.

கே: அதற்கு முன் ஒன்றுமே இல்லையா?

ப: இருந்தது. ஹார்வர்டில் 1906-இல் மெனோரா சங்கம். யூத வரலாறு, இலக்கியம் பற்றிய சொற்பொழிவுகள்தான் அதன் உயிர். வழிபாடு, சாப்பாடு, விளையாட்டு எல்லாம் அதன் வேலையல்ல. கௌரவமான சங்கம், ஆனால் படிப்பாளிகளுக்கு மட்டும், 1930-களில் தேய்ந்துபோனது. ஹில்லலிலோ சம்பளம் வாங்கும் முழுநேர இயக்குநர் உண்டு. மாணவர்கள் நான்கு ஆண்டில் போய்விடுவார்கள், அவர் இருப்பார். என்னைக் கேட்டால் வித்தியாசம் முழுக்க அதில்தான். மாணவர் சங்கம் என்று அதைச் சொல்வதே பாதிதான் சரி.

கே: யூதர்களுக்கு மட்டும் தனிச் சங்கம் எதற்கு? பொதுச் சங்கங்களில் சேர்ந்திருக்கலாமே?

ப: சேர்த்தால்தானே! ஃபிரட்டர்னிட்டி எனும் ஆண் மாணவர் சங்கங்களில் பல, யூதர்களுக்குக் கதவடைத்தன. ஜீட்டா பீட்டா டாவ் (1898) போன்ற யூத ஃபிரட்டர்னிட்டிகள் வளர்ந்தது அதனால்தான். ஹார்வர்டில் 1900 வாக்கில் 7 சதவீதமாக இருந்த யூத மாணவர்கள் 1922-இல் 21 சதவீதத்தைத் தாண்டினார்கள். பல்கலைக்கழகத் தலைவர் லோவெல் யூதர் எண்ணிக்கைக்கு வெளிப்படையாகவே உச்சவரம்பு கேட்டார். ஆசிரியர்கள் மறுத்ததும், "குணநலன்" பார்க்கிறோம் என்று புகைப்படம் கேட்டுச் சேர்க்கையைச் சுருக்கினார்கள்.

கே: ஹில்லலில் நடக்கும் வெள்ளிக்கிழமை விருந்தில் நடைமுறைச் சிக்கல் என்ன?

ப: நேரம். யூதர்களின் ஓய்வுநாளான சபாத் வெள்ளி மாலையே தொடங்கிவிடும்; சூரியன் மறைந்தபின் அடுப்பு பற்றவைக்கக் கூடாது. டிசம்பரில் இல்லினாயில் நாலரைக்கே இருட்டிவிடும். ஆகவே மதியத்துக்குள் சமைத்து, முன்பே மூட்டிய சூட்டின்மேல் வைத்துவிடுவார்கள். யூத உணவு விதிப்படி இறைச்சியும் பாலும் கலக்கக் கூடாது; இரண்டுக்கும் பாத்திரம், தொட்டி எல்லாம் தனித்தனி. பால் கரண்டி ஒன்று கறிக் குழம்பில் விழுந்தால், அந்தப் பானை என்னாவது என்பதை மதகுருதான் சொல்ல வேண்டும். கீரையில் பூச்சி இருக்கக் கூடாது என்பதால் இலை இலையாக ஆய்வார்கள். வழிபாட்டிலும் சிக்கல் உண்டு: கூட்டு வழிபாட்டுக்குப் பத்துப் பேர் வேண்டும், வைதீகப் பிரிவு ஆண்களை மட்டும் எண்ணும், சீர்திருத்தப் பிரிவு பெண்களையும் சேர்த்து எண்ணும். அதனால் வழிபாடு தனித்தனி அறைகளில், சாப்பாடு ஒரே மேசையில்.

கே: ஸ்வார்த்மோர் கல்லூரித் தகராறு என்ன?

ப: இஸ்ரேலைக் கடுமையாக எதிர்ப்பவர்களை மேடையேற்றக் கூடாது என்பது ஹில்லல் தலைமையகத்தின் விதி. அதை ஏற்க மாட்டோம் என்று ஸ்வார்த்மோர் ஹில்லல் மாணவர்கள் 2013-இல் அறிவித்தார்கள். ஹில்லல் என்ற பெயரோ தலைமையகத்துக்குச் சொந்தம். 2015-இல் அதை விட்டுவிட்டு "கெஹிலா" என்று மாற்றிக்கொண்டார்கள்.

கே: மேற்படிப்புக்குப் போகிறேன். யூதரல்லாத நான் அந்த விருந்துக்குப் போகலாமா அண்ணா?

ப: பெரும்பாலும் தாராளமாகப் போகலாம், முன்பதிவு உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓய்வுநாள் என்பதால் அங்கே போனை எடுத்துப் படம் பிடிக்காதீர்கள். வீட்டு லட்டும் வேண்டாம்: கறி பரிமாறும் மேசையில் நெய்யும் பால்பொருள்தான்.