கன்னியாவுக்கு அடுப்பு மூட்டுவது யார்?

கேள்வி: பிள்ளைகளோடு திருகோணமலைக்குப் பக்கத்தில் இருக்கும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போயிருந்தோம். ஏழும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் கிணற்றுக்குக் கிணறு சூடு மாறுகிறது. "இலங்கையில் எரிமலையே இல்லையே, யார் தண்ணீரைச் சுட வைக்கிறார்கள்?" என்று மகன் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை.
– ஒரு வாசகி, வவுனியா

பதில்: இதே கேள்வி எனக்கும் அங்கேதான் வந்தது. அம்மாவின் அந்தியேட்டிக்குக் கன்னியா போயிருந்தோம். கிரியை முடிந்து தலையில் ஊற்றிய முதல் வாளி சுட்டது. அடுத்த கிணற்று வாளி இதமாக இருந்தது. அன்றைக்கு எதையும் யோசிக்கும் மனநிலை இல்லை. ஆனால் அடுத்த மாதமே வகுப்புப் பிள்ளைகளையும் ஆய்வுகூட வெப்பமானியையும் கூட்டிக்கொண்டு திரும்பப் போனேன். எல்லாம் 40 பாகையை ஒட்டியே இருந்தன. ஆனால் கிணற்றுக்குக் கிணறு ஓரிரு பாகை மாறியது.

இராவணன் தாயின் கிரியைக்காக வாளால் ஏழு இடத்தில் குத்தினான் என்பது நம் ஊர்க்கதை. பூமியில் ஆழமான வெட்டு ஒன்று வேண்டும் என்ற இடத்தில் கதையும் புவியியலும் ஒத்துப்போவது எனக்கு மிகவும் பிடிக்கும்.

அடுப்பு எல்லா ஊரிலும் இருக்கிறது. பூமி உருவானபோது சிறைப்பட்ட வெப்பமும், பாறைகளில் உள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவை சிதைவதால் வரும் வெப்பமும் சேர்ந்து, கீழே போகப் போகச் சூடு ஏறுகிறது. பொதுவாக ஒரு கிலோமீட்டருக்கு 25 முதல் 30 பாகை. உங்கள் வீட்டு முற்றத்துக்குக் கீழேயும் அதேதான். ஆனால் பாறை வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும். உழுத்தங்களியை நினைத்துப் பாருங்கள்: மேலே ஆறிவிடும், நடுவில் நாக்கைச் சுடும். ரசம் அப்படியில்லை. அடியில் சூடானது மேலே வரும், மேலே ஆறியது கீழே போகும். இதைத்தான் எங்கள் பாடநூலில் மேற்காவுகை என்றும் தமிழ்நாட்டில் வெப்பச்சலனம் என்றும் சொல்கிறோம். களிபோல் கிடக்கும் பாறைக்குள் ரசம் ஓட ஒரு வழி கிடைத்தால் அங்கே வெந்நீர் ஊற்று பிறக்கும்.

அந்த வழிதான் பாறை வெடிப்பு. இலங்கையின் வெந்நீர் ஊற்றுகளில் பெரும்பாலானவை, உயர்நிலத் தொகுதி, விஜயன் தொகுதி என்ற இரண்டு பழம்பாறைப் பகுதிகள் சந்திக்கும் எல்லையை ஒட்டியே இருக்கின்றன. மகா ஓயா, மகாபெலஸ்ஸ எல்லாம் அந்த வரிசையில் வருபவை. பொருத்து விழுந்த இடம் என்பதால் அங்கே பாறை நொறுங்கியிருக்கும். மழைநீர் அந்த வெடிப்புகளில் இறங்கிச் சூடாகிறது. நீரின் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தில் எடை மாறும் அணுக்களை) சோதித்தவர்களும் இது மழைநீர்தான் என்றே கண்டிருக்கிறார்கள்.

எவ்வளவு ஆழம் போகும்? திருகோணமலையின் சராசரி வெப்பம் 28 பாகை என்று வைத்தால், 40 ஆக ஏறவே அரைக் கிலோமீட்டர் வேண்டும். வரும் வழியில் கொஞ்சம் ஆறவும் செய்யும் என்பதால், அதைவிட நன்றாகக் கீழே போயிருக்க வேண்டும். சரி, மேலே தள்ளுவது எது? உதாரணத்துக்கு, 100 பாகையில் நீர் சுமார் 4 சதவீதம் இலேசாகிறது. ஆயிரம் மீட்டர் உயரமுள்ள குளிர்நீர்த் தூண், ஏறத்தாழ 1040 மீட்டர் வெந்நீர்த் தூணைத் தாங்கி நிற்கும். அதோடு, அந்தச் சூட்டில் நீரின் பாகுத்தன்மை (ஓட்டத்தைத் தடுக்கும் பிசுபிசுப்பு) மூன்றிலொன்றாகக் குறைவதால் நூலளவு வெடிப்பிலும் வழுக்கிக்கொண்டு ஏறும்.

ஏழு கிணறும் வேறு வேறாகச் சுடுவதற்கும் காரணம் இதில்தான். மேல்மண்ணுக்கு அருகே சாதாரணக் கிணற்று நீர் வந்து கலக்கிறது. கூடக் கலந்த கிணறு இதமாக இருக்கும், குறையக் கலந்தது சுடும். உங்கள் மகனிடம் ஒரு வெப்பமானியைக் கொடுத்து, மாரியில் ஒரு தடவையும் கோடையில் ஒரு தடவையும் அளக்கச் சொல்லுங்கள். அளந்து எனக்கு எழுதட்டும்.

கேள்வி: ஆழ்கடலில் 350 பாகை வெந்நீர் வருகிறதாமே. அது கொதிக்காதா?
– ஒரு வாசகர், காரைதீவு

பதில்: கொதிக்க அழுத்தம் விடாது. 2500 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல சுமார் 250 மடங்கு. பிரஷர் குக்கரில் நீர் 120 பாகையிலும் நீராகவே இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதில் எனக்குப் பிடித்தது கண்டுபிடித்த கதை. நடுக்கடல் மலைத்தொடர்களில் புதிய கடற்றளம் பிறக்கிறது. அங்கே கசிய வேண்டிய வெப்பத்தைக் கணக்குப் போட்டார்கள், பிறகு அளந்தார்கள். அளந்தது குறைவாக வந்தது. மீதி வெப்பத்தைத் தண்ணீர் சுமந்துபோகிறது என்று ஊகித்து, 1977 இல் பசிபிக் கடலில் கலபகோஸ் தீவுகளுக்கு அருகே ஆல்வின் நீர்மூழ்கியில் இறங்கினார்கள். இளஞ்சூட்டு ஊற்றுகளையும், வெயிலே படாத அந்த ஆழத்தில் கூட்டமாக வாழும் சிப்பிகளையும் கண்டார்கள். 1979 இல் மெக்சிகோவுக்கு அப்பால் கரும்புகை கக்கும் கல் புகைபோக்கிகள் அகப்பட்டன. அங்கே வெப்பமானியின் பிளாஸ்டிக் உருகிப்போயிற்று! அது புகையும் அல்ல: பாறையில் கரைத்துக்கொண்டு வந்த இரும்பு, செம்பு, துத்தநாகம் எல்லாம் குளிர்ந்த கடல்நீர் பட்டதும் சல்பைடு துகள்களாகத் திரிவது. கடற்றளத்திலிருந்து வெளியேறும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை இப்படித் தண்ணீர்தான் கொண்டுபோகிறது. நம் இந்து சமுத்திரத்திலும் 2024 டிசம்பரில், 4500 மீட்டர் ஆழத்தில் இப்படியோர் ஊற்றைச் சென்னை, கோவா ஆய்வாளர்கள் படமெடுத்தார்கள்.

கேள்வி: வெந்நீர் ஊற்று ஒருநாள் வற்றிப்போகுமா?
– ஒரு வாசகி, மூதூர்

பதில்: மழை இருக்கும்வரை தண்ணீர் வரும். வழிதான் கெடும். ஆறும் நீர் தான் கரைத்த சிலிக்காவை வெடிப்பின் சுவரில் படியவிட்டு, தன் பாதையைத் தானே அடைத்துக்கொள்ளும். நிலநடுக்கம் அதைத் திறந்துவிடலாம். வேறெங்காவது திருப்பியும் விடலாம்.

நான் அதிகம் பயப்படுவது குழாய்க்கிணறுகளுக்கு. நியூசிலாந்தின் ரொட்டொருவாவில் வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் வெந்நீரை இறைத்து இறைத்து, இயற்கை ஊற்றுகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. 1986 இல் அரசு தலையிட்டு, பொஹுட்டு என்ற வெந்நீர்ப் பீச்சை (விட்டுவிட்டு வெந்நீரை மேலே பீச்சும் ஊற்றை) சுற்றி ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் இருந்த துளைக்கிணறுகளை மூடச் சொன்னது. 1979 இல் நின்றுபோயிருந்த, அதே ஊரின் பாப்பகுரா பீச்சு, 2015 இல் மறுபடியும் பீச்சத் தொடங்கியது.