பிசியோதெரபிஸ்டுகளுக்கு ஆன்லைன் வகுப்பே போதாதா? நேரில் போய்ப் பயிற்சி எடுப்பதால் என்ன கிடைக்கிறது?

கேள்வி கேட்டவர் பிசியோ முடித்து இரண்டு வருடம் ஆகிறது என்று எழுதியிருக்கிறார். வகுப்பெல்லாம் செல்போனிலேயே கிடைக்கும்போது, கிளினிக்கை இரண்டு நாள் மூடிவிட்டு எதற்கு ஊர் ஊராகப் போக வேண்டும் என்கிறார். கட்டாயம் போங்கள் என்பதுதான் என் பதில்.

எனக்கு நகரியில் கிளினிக். ஆந்திராதான், ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் வீட்டில் தமிழ் பேசுபவர்கள். விசைத்தறி ஊர். பக்கத்துப் புத்தூரில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவது பல தலைமுறைத் தொழில். தமிழ்நாட்டிலிருந்தும் அதற்காகவே வருவார்கள். கட்டோ மாவுக்கட்டோ, வாரக்கணக்கில் அசையாமல் கிடந்த மூட்டு விறைக்கத்தான் செய்யும். அப்படி விறைத்த மணிக்கட்டும் முழங்கையும்தான் என்னிடம் அதிகம் வருகின்றன.

ஐந்து வருடத்துக்கு முன் ஓர் அம்மா வந்தார். தறியில் அறுந்த இழைக்கு முடிச்சுப் போடுகிறவர். முற்றத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்து, மாவுக்கட்டு பிரித்துப் பத்து நாள் ஆகியிருந்தது. கையைப் பின்பக்கமாக மடக்கச் சொன்னால் 20 டிகிரிதான் வந்தது. "நொப்பி (வலி) இருந்தாலும் பரவால்ல தம்பி, தரையில கைய ஊனி எழுந்திருக்க முடிஞ்சா போதும்" என்றார். மெய்ட்லண்ட் முறையில் மூட்டை அசைத்துக் கொடுப்பதை அப்போதுதான் ஆன்லைனில் படித்துச் சான்றிதழும் வாங்கியிருந்தேன். மூன்று வாரம் செய்தேன். 30 டிகிரியைத் தாண்டவில்லை. அந்த அம்மா ஒருநாள்கூடத் தவறாமல் வந்தார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் சென்னையில் கை, மணிக்கட்டுக்கென்று இரண்டு நாள் பயிற்சி. ஏகாம்பரகுப்பத்தில் ரயில் ஏறிப் போனேன். பதினாறு பேர், இரண்டு ஆசிரியர்கள். ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒருவர் கையில் மற்றவர் செய்ய வேண்டும். நான் செய்துகொண்டிருந்தபோது மேடம் வந்து என் கைமேல் தன் கையை வைத்தார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "ரெண்டாம் கிரேடுன்னு நெனச்சுத்தானே பண்றீங்க? இது மூணு" என்றார். அசைவை எதுவரை கொண்டுபோகிறோம் என்பதை வைத்துத்தான் இந்தக் கிரேடு. மூட்டில் தடை தட்டும் முன்பே நின்றுவிடுவது இரண்டு; தடைக்குள் போவது மூன்று. முதல் இரண்டு கிரேடும் வலிக்கு, மூன்றும் நான்கும் விறைப்புக்கு என்று தேர்வில் எழுதி மார்க் வாங்கியவன் நான். தடை எங்கே தொடங்குகிறது என்பது என் விரலுக்குத் தெரியவில்லை.

அடுத்து, என் கையை ஒரு விரற்கடை மேலே நகர்த்தி வைத்தார். அவ்வளவுதான். அதுவரை நான் பிடித்துக்கொண்டிருந்தது உள்ளங்கை எலும்புகளை. அழுத்தமெல்லாம் அங்கேயே தீர்ந்துபோயிருக்கிறது. பிடிக்க வேண்டியது முன்கையை ஒட்டியிருக்கும் சிறு எலும்புகளின் முதல் வரிசையை. முன்கையைச் சுருட்டிய துண்டின்மேல் கவிழ்த்து வைத்து, மணிக்கட்டு மேசை விளிம்பைத் தாண்டியிருக்க, அந்த வரிசையை உள்ளங்கைப் பக்கமாகத் தள்ளினால்தான் கை பின்னால் மடங்கும். வீடியோவில் இதையேதான் பத்துத் தடவை பார்த்திருந்தேன். ஆனால் நான் தப்பாகப் பிடித்திருப்பது வீடியோவுக்கு எப்படித் தெரியும்?

ஊர் திரும்பி, அந்த அம்மாவுக்கு அதேபோல் செய்தேன். ஐந்து வாரத்தில் 55 டிகிரி. ஒருநாள் கிளினிக் பாயில் கையை ஊன்றி, யாரையும் பிடிக்காமல் எழுந்து நின்றார்.

நேரில் போனால் இன்னொன்றும் கிடைக்கும். நீங்களே நோயாளியாகப் படுப்பீர்கள். தொடுகிறவர் கையில் தயக்கம் இருந்தால் உடம்பு தானாக இறுகுவதை நான் அங்கேதான் உணர்ந்தேன். வேலூரில் 1966-ல் உடல் இயக்கம் இழந்தவர்களுக்கான மறுவாழ்வு மையம் வரக் காரணமான டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ல் நடந்த கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் போய் ஹோவர்ட் ரஸ்கிடம் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்தார். நோயாளியின் இடத்திலிருந்து பார்த்தவர் கட்டிய துறை என்று அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

ஆன்லைன் வேண்டாம் என்று சொல்லவில்லை. உடற்கூறு, புது ஆய்வுகள், மருந்து விவரம் எல்லாம் நானும் இரவில் அதில்தான் படிக்கிறேன். ஆனால் பக்கவாதம் வந்தவரின் தசை இறுக்கத்தைக் கையால் அசைத்துப் பார்த்து, திருத்திய ஆஷ்வொர்த் அளவில் மதிப்பெண் போடுவதைத் திரையில் கற்க முடியாது. ஒரு பயிற்சியில் ஒரே முழங்கைக்கு மூன்று பேர் 1, 1+, 2 என்று மூன்று மதிப்பெண் போட்டோம். அதை வைத்து அரைமணி நேரம் வாதாடியதில் கற்றது இன்றும் கையில் நிற்கிறது.

இரண்டு நாள் வருமானம் போகும், உண்மைதான். வருடத்துக்கு ஒன்று போதும், நல்லதாகப் பார்த்துப் போங்கள். பணம் கட்டும் முன் ஓர் ஆசிரியருக்கு எத்தனை பேர், கையால் செய்ய எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். நூற்றைம்பது பேரை மண்டபத்தில் உட்காரவைத்து ஸ்லைடு காட்டுவார்கள் என்றால், அதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். போகும்போது நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள், அரைக்கைச் சட்டை போடுங்கள். செய்துகாட்ட ஓர் ஆள் வேண்டும் என்று ஆசிரியர் கேட்டால், முதலில் நீங்கள் போய்ப் படுங்கள்.