வாக்கு எண்ணும் நாளில் சர்வர்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நாங்கள் நடத்துவது சிறிய செய்தித் தளம். வழக்கமான நாளில் எங்கள் நேரலையை ஒரே சமயத்தில் 2,000 பேர் பார்த்தாலே அதிகம். வரும் தேர்தலில் முடிவுகளை நாள் முழுவதும் நேரலையாகத் தர இருக்கிறோம். எத்தனை மடங்கு கூட்டத்துக்குத் தயாராக வேண்டும்?

பதில்: எத்தனை மடங்கு என்பதைவிட, அந்தக் கூட்டம் எத்தனை நிமிடத்தில் வந்து சேரும் என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. பத்து மடங்குக் கூட்டம் மூன்று மணி நேரத்தில் மெல்ல மெல்லச் சேர்ந்தால் சுமாரான ஏற்பாடே தாங்கிவிடும். அதே கூட்டம் தொண்ணூறு விநாடிக்குள் வாசலில் வந்து நின்றால் நல்ல ஏற்பாடும் ஆட்டம் காணும். தேர்தல் நேரலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவது வகை. நிகழ்ச்சி நன்றாக இருக்கிறதா என்று பார்த்து அவர்கள் வருவதில்லை. தேர்தலின் கடிகாரம் அவர்களை அழைத்து வருகிறது.

அந்தக் கடிகாரம் நாட்டுக்கு நாடு மாறுவதால் வருகையின் வடிவமும் மாறுகிறது. பிரிட்டனில் இரவு 10 மணிக்கு வாக்குப்பதிவு முடிகிற அதே நொடியில், பிபிசி, ஐடிவி, ஸ்கை ஆகிய மூன்றும் சேர்ந்து எடுத்த வாக்குச்சாவடிக் கணிப்பு வெளியாகிறது. ஜெர்மனியில் மாலை 6 மணிக்கு இதே போன்ற கணிப்பு வருகிறது. இப்படிப்பட்ட இடங்களில் வருகையைக் காட்டும் வரைபடத்தின் கோடு சுவர் போல நிமிர்ந்து எழும். அமெரிக்காவில் மாநிலங்கள் வெவ்வேறு நேரத்தில் வாக்குப்பதிவை முடிப்பதால், மணிக்கு ஒரு படியாகப் படிக்கட்டு வடிவம் கிடைக்கிறது. இந்தியாவில் காலை 8 மணிக்குத் தபால் வாக்குகளோடு எண்ணிக்கை தொடங்கி, அரை மணி நேரம் கழித்து மின்னணு வாக்குப்பதிவு இயந்திரங்கள் எண்ணப்படுகின்றன. ஆகவே 8 மணிக்கு ஓர் ஏற்றமும், முன்னிலை நிலவரம் தெளிவாகத் தொடங்கும்போது அதைவிடப் பெரிய ஏற்றமும் உண்டு. கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடிந்து அரை மணி நேரம் ஆகும் வரை கணிப்புகளை வெளியிடச் சட்டம் அனுமதிப்பதில்லை என்பதால், 2024 ஜூன் 1 மாலை 6.30 மணி போன்ற ஒரு கணம் தனியாகவே ஒரு சுவரை எழுப்பிவிடும்.

ஆகவே இரண்டு எண்களைத் தனித்தனியாகக் கணக்கிடுங்கள். ஒரே சமயத்தில் பார்ப்பவர்களின் எண்ணிக்கை ஒன்று. ஒரு நிமிடத்தில் புதிதாக நுழைபவர்களின் எண்ணிக்கை மற்றொன்று. முதலாவது அலைக்கற்றையை, அதாவது ஒரு விநாடியில் அனுப்பக்கூடிய தரவின் அளவைத் தின்னும். ஒருவருக்கு விநாடிக்கு 2.5 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால், 10 ஜிகாபிட் இணைப்புள்ள ஒரு சர்வர் ஏறத்தாழ 4,000 பேருக்குத்தான் வீடியோ தர முடியும். ஒரு லட்சம் பேருக்கு 250 ஜிகாபிட் வேண்டும். இவ்வளவையும் சொந்தச் சர்வரிலிருந்து தர யாரும் முயல வேண்டாம். அதற்காகத்தான் பல ஊர்களில் நகல் வைத்து வழங்கும் சி.டி.என். நிறுவனங்கள் இருக்கின்றன. ஆனால் இரண்டாவது எண், அதாவது நுழைவு வேகம், முகப்புப் பக்கத்தையும் லாகினையும் டேட்டாபேஸையும் தாக்குகிறது. பக்கம் ஆளுக்கு ஆள் மாறினால் அந்தச் சுமையைச் சி.டி.என். உங்களுக்காகச் சுமப்பதில்லை. நான் பார்த்த வரையில், தேர்தல் நாளில் விழுந்த தளங்களில் பெரும்பாலானவை வீடியோவால் விழவில்லை, வாசலில்தான் விழுந்தன.

இன்னொன்றையும் கவனியுங்கள். பார்வையாளர் எண்ணிக்கையின் உச்சமும் அலைக்கற்றையின் உச்சமும் ஒரே நேரத்தில் வர வேண்டியதில்லை. பகலில் வேலைக்கு நடுவே கைபேசியின் சின்னத் திரையில் பார்ப்பவர்கள் தலைக்கு ஒரு மெகாபிட்டுக்கும் குறைவாகவே எடுத்துக்கொள்வார்கள். மாலையில் வீட்டுத் தொலைக்காட்சியில் அமர்ந்து பார்ப்பவர்கள் எண்ணிக்கையில் குறைவாக இருந்தாலும் தலைக்கு ஐந்து மெகாபிட் வரை இழுப்பார்கள். தலைகளை மட்டும் எண்ணி அலைக்கற்றை வாங்கியவர்கள் மாலையில் திண்டாடுவது இதனால்தான்.

கேள்வி: என் இணைய இணைப்பில் குறையில்லை, மற்ற வீடியோக்கள் எல்லாம் நன்றாக ஓடுகின்றன. தேர்தல் நேரலை மட்டும் முக்கியமான கட்டத்தில் நின்று நின்று ஓடுகிறது. ஒரே படத்தைத்தானே எல்லாருக்கும் அனுப்புகிறார்கள், இதில் என்ன சிரமம்?

பதில்: உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. எல்லாருக்கும் ஒரே படம் என்பதால்தான் இத்தனை பேருக்கு அனுப்புவது சாத்தியமாகிறது. இன்று பரவலாக உள்ள முறையில், 2009இல் ஆப்பிள் அறிமுகப்படுத்திய எச்.எல்.எஸ். முறையும் இதில் அடங்கும், நேரலை என்பது தொடர்ந்து பாயும் ஓடை அல்ல. ஆறு விநாடி அளவுள்ள சின்னச் சின்னக் கோப்புகளாக வீடியோவை நறுக்கி, இப்போது எந்தெந்தத் துண்டுகள் கிடைக்கும் என்று சொல்லும் பிளேலிஸ்ட் என்ற சிறிய பட்டியலையும் வைத்திருப்பார்கள். உங்கள் கைபேசியில் உள்ள பிளேயர் ஆறு விநாடிக்கு ஒருமுறை பட்டியலை வாங்கிப் பார்த்து, புதிய துண்டைக் கேட்கும். ஒரு லட்சம் பேர் பார்த்தால் பட்டியலுக்கு மட்டும் விநாடிக்கு ஏறத்தாழ 16,700 கோரிக்கைகள்; துண்டுகளுக்கு அதே அளவு மீண்டும். ஆனால் எல்லாரும் கேட்பது அதே கோப்பு என்பதால், நகலைத் தற்காலிகமாகச் சேமித்து வைக்கும், அருகில் உள்ள கேச் சர்வர் ஒரே ஒரு முறை மூலச் சர்வரிடம் வாங்கி, மற்றவர்களுக்குத் தானே கொடுத்துவிடும். ஆயிரம் பேர் ஒரே கணத்தில் கேட்டாலும் ஒருவர் பெயரில் மட்டும் உள்ளே போய் வாங்கி வரும்படி அதை அமைக்க முடியும். அமைத்தே ஆக வேண்டும்.

சிக்கல் எங்கே என்றால், அந்தப் பட்டியலையும் துண்டையும் கேச் எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்ற அமைப்பில். துண்டு ஒருமுறை உருவான பிறகு மாறுவதில்லை, மணிக்கணக்கில் வைத்திருக்கலாம். பட்டியலோ ஆறு விநாடிக்கு ஒருமுறை புதிதாகிறது. அதை ஓரிரு விநாடிக்கு மேல் வைத்திருக்கவே கூடாது. ஒரு தேர்தல் இரவில் நான் நேரில் கண்டதைச் சொல்கிறேன். அந்தத் தளத்தில் எழுத்துக் கோப்புகள் அனைத்தையும் 60 விநாடி கேச்சில் வைக்கும்படி ஒரு பொது விதி எப்போதோ எழுதப்பட்டிருந்தது. பட்டியலும் எழுத்துக் கோப்புதான் என்பது எவர் நினைவிலும் இல்லை. பட்டியலின் முனையிலிருந்து மூன்று துண்டு பின்னால் தொடங்கும் பிளேயர், 18 விநாடி ஓடி, அடுத்த துண்டின் பெயர் தெரியாமல் நின்று, பட்டியல் புதிதானதும் தாவி ஓடியது. எங்கள் எதிரே இரண்டு கோடுகள் தெரிந்தன: வெளியே போகும் வீடியோவின் அளவு இறங்கிக்கொண்டிருந்தது, கோரிக்கைகளின் எண்ணிக்கையோ ஏறிக்கொண்டிருந்தது. இந்த இரண்டு கோடுகளும் எதிரெதிர் திசையில் போகத் தொடங்கினால், மக்கள் பார்க்கவில்லை, திரும்பத் திரும்ப முயல்கிறார்கள் என்று பொருள். படம் நின்றவர்கள் பக்கத்தைப் புதுப்பிக்க, ஒவ்வொரு புதுப்பிப்பும் முகப்புப் பக்கத்தையும் லாகினையும் மறுபடி தட்ட, நன்றாக இருந்த டேட்டாபேஸும் சற்று நேரத்தில் திணறியது. ஒற்றை வரி அமைப்பை மாற்றிய இரண்டு நிமிடத்தில் எல்லாம் சீரானது. ஆனால் அந்த வரியைக் கண்டுபிடிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. அதற்குள் வெற்றி உரை முடிந்துவிட்டது. காத்திருந்து பார்க்க வந்தவர்களுக்கு அந்த உரையை நேரலையில் தர முடியாமல் போனதை இன்றும் என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கேள்வி: தொலைக்காட்சியில் வந்த செய்தி, இணைய நேரலையில் அரை நிமிடம் கழித்துத்தான் வருகிறது. ஏன்?

பதில்: ஆறு விநாடித் துண்டு முழுதாக உருவான பிறகே அனுப்ப முடியும், பிளேயர் மூன்று துண்டுகளைக் கையிருப்பில் வைத்துக்கொண்டுதான் தொடங்கும், படத்தைச் சுருக்கவும் பல ஊர்களுக்கு நகலெடுக்கவும் சில விநாடிகள் ஆகும். எல்லாம் சேர்ந்து அரை நிமிடம். துண்டுகளை இரண்டு விநாடியாகக் குறைத்தால் தாமதம் குறையும். ஆனால் கோரிக்கைகள் மும்மடங்காகும், பார்வையாளரின் இணைப்பில் சிறு தடங்கல் வந்தாலும் படம் நிற்கும். தேர்தல் நாளில் நான் ஆறு விநாடியையே தேர்ந்தெடுப்பேன்.

கேள்வி: இப்போது எல்லாமே கிளவுடில் இருக்கிறது. கூட்டம் கூடினால் சர்வர்களும் தாமாகவே கூடிக்கொள்ளும் என்கிறார்களே, பிறகு ஏன் கவலை?

பதில்: தாமாகக் கூடும் என்பது உண்மை, உடனே கூடும் என்பது உண்மை அல்ல. சுமை ஏறியதை அளந்து உறுதி செய்யவும், புதிய சர்வரை எழுப்பவும், அது தன் மென்பொருளை ஏற்றித் தயாராகவும் சில நிமிடங்கள் ஆகும். சுவர் போல எழும் கூட்டமோ ஒன்றரை நிமிடத்தில் வந்து முடிந்திருக்கும். 2008 நவம்பர் 4 அன்று, அமெரிக்கக் கிழக்குக் கடற்கரை நேரப்படி இரவு 11 மணிக்கு, கலிபோர்னியா உள்ளிட்ட மேற்கு மாநிலங்களில் வாக்குப்பதிவு முடிந்த கையோடு ஒபாமாவின் வெற்றி அறிவிக்கப்பட்டது. அந்த மணியில் அகமாய் என்ற சி.டி.என். நிறுவனம் கணக்கிட்ட செய்தித் தளங்களுக்கு நிமிடத்துக்கு 85 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். அவர் பதவியேற்ற 2009 ஜனவரி 20 அன்று அதே நிறுவனம் ஒரே சமயத்தில் 70 லட்சம் நேரலை இணைப்புகளை வழங்கியது. சிஎன்என் தளத்தில் மட்டும் உச்சத்தில் 13 லட்சம் பேர் இருந்தார்கள், அங்கே பலரை வரிசையில் காத்திருக்கச் சொல்ல வேண்டியும் வந்தது. இப்படிப்பட்ட மணிகள் முன்கூட்டியே தெரிந்தவை. ஆகவே அரை மணி நேரம் முன்னதாகவே சர்வர்களை எழுப்பி வைத்துவிடுவதுதான் முறை.

கூட்டத்தை நாமே வரவழைத்துக்கொள்வதும் உண்டு. "முடிவு அறிவிப்பு" என்று பத்து லட்சம் கைபேசிகளுக்கு ஒரே நொடியில் நோட்டிஃபிகேஷன் அனுப்பிவிட்டு, தளம் விழுந்ததற்குக் கூட்டத்தைக் குறை சொல்வது நியாயமில்லை. அதையே மூன்று நான்கு நிமிடத்துக்குப் பரப்பி அனுப்பினால், வாசகருக்கு இழப்பு எதுவும் இல்லை, சர்வருக்கு உயிர் மிஞ்சும். இதே காரணத்துக்காக, இணைப்பு அறுந்த பிளேயர்கள் எல்லாம் சரியாக ஐந்து விநாடியில் மீண்டும் முயலும்படி நிரல் எழுதக் கூடாது. முதல் முறை இரண்டு விநாடி, பிறகு நான்கு, பிறகு எட்டு என்று இடைவெளியைக் கூட்டி, அதிலும் ஆளுக்கு ஆள் சற்று மாறும்படி கலைத்துவிட வேண்டும். இல்லையென்றால் விழுந்த சர்வர் எழ முயலும் ஒவ்வொரு முறையும் அனைவரும் சேர்ந்தாற்போல் வந்து மறுபடி தள்ளிவிடுவார்கள்.

வருகையைப் போலவே வெளியேற்றமும் ஆபத்தானது என்பதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. 2019 ஜூலை 10 அன்று உலகக் கோப்பை அரையிறுதியை ஹாட்ஸ்டாரில் ஒரே சமயத்தில் 2.5 கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்; தோனி ரன் அவுட் ஆனதும் அந்தக் கூட்டம் கலைந்தது. கிரிக்கெட் இங்கே நம் விஷயம் அல்ல என்றாலும், ஒரு தலைவரின் உரை முடிந்ததும் நடப்பதும் இதேதான். வீடியோவை விட்டு வெளியேறுபவர்கள் பின்செல்லும் பொத்தானை அழுத்துகிறார்கள்; அது அவர்களை முகப்புப் பக்கத்தில் கொண்டுபோய் விடுகிறது. வீடியோ சர்வர்கள் ஓய்வெடுக்க, முகப்புச் சர்வர்கள் திணறும். அன்றைக்கு மட்டும் முகப்பிலிருந்து ஆளுக்கேற்ற பரிந்துரைகளை எடுத்துவிட்டு, எல்லாருக்கும் ஒரே பக்கத்தை கேச்சிலிருந்து கொடுங்கள். நேரலைக்கு லாகின் கேட்பதையும் நிறுத்துங்கள். ஆளுக்கு ஆள் மாறுகிற எதுவும் அன்று சுமைதான்.

கேள்வி: இவ்வளவு கூட்டம் ஒரே நொடியில் வந்தால், அது தாக்குதலா உண்மையான மக்களா என்று எப்படித் தெரியும்?

பதில்: மக்கள் பட்டியலைக் கேட்டால் துண்டையும் கேட்பார்கள், படத்தைத் தொடர்ந்து பார்ப்பார்கள், அவர்களின் வருகை செய்தியோடு ஒத்துப்போகும். தாக்குதல் ஒரே முகவரியைத் திரும்பத் திரும்பத் தட்டும், வீடியோவைத் தொடாது. ஆனால் அவசரத்தில் வெளிநாட்டு வருகை முழுவதையும் அடைத்துவிடாதீர்கள். தேர்தல் நாளில் வெளிநாட்டில் வாழும் நம்மவர்கள்தான் இணையத்தை அதிகம் நம்பியிருப்பார்கள். 2016 ஜூன் 7 அன்று, பிரெக்சிட் வாக்கெடுப்புக்குப் பெயர் பதிவு செய்யும் கடைசி இரவில் பிரிட்டன் அரசின் தளம் முடங்கியது, வந்தவர்கள் வாக்காளர்களே. அங்கே கெடு இரண்டு நாள் நீட்டிக்கப்பட்டது.

கேள்வி: முடிவு வந்த பிறகு, கூடுதல் சர்வர்களை எப்போது நிறுத்தலாம்? ஒவ்வொரு மணிக்கும் பணம் போகிறதே.

பதில்: முடிவு தெளிவாக வந்த தேர்தலில், அன்று நள்ளிரவுக்குப் பிறகு பாதியையும் மறுநாள் மாலை மீதியையும் நிறுத்தலாம். இழுபறியாக இருந்தால் அவசரப்பட வேண்டாம். 2020இல் அமெரிக்காவில் நவம்பர் 3 அன்று வாக்குப்பதிவு. வெற்றியைச் செய்தி நிறுவனங்கள் அறிவித்தது நவம்பர் 7, சனிக்கிழமை, கிழக்குக் கடற்கரை நேரப்படி பகல் பதினொன்றரை மணி வாக்கில். நான்கு நாள் தணிந்தும் எழுந்தும் கிடந்த கூட்டம், எந்த அட்டவணையிலும் இல்லாத ஒரு கணத்தில் மீண்டும் வந்து நின்றது. அப்படியொரு நிலையில் வீடியோவுக்கான அலைக்கற்றையைக் குறைத்துக்கொள்ளுங்கள், சி.டி.என். அதை நிமிடத்தில் திரும்பத் தரும். முகப்புக்கும் லாகினுக்கும் எழுப்பி வைத்த சர்வர்களை மட்டும், கடைசித் தொகுதியின் முடிவு வரும் வரை அப்படியே விட்டுவையுங்கள்.